பூமிக்கு மூன்று நாள்

பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தும்மல்கூடப் போடாத மனுஷர் மாத்ருபூதம். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், சங்கு ஊதுவதற்கு முன்னால் ராகுகாலம் வந்துவிடும் என்றால், அது பிறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நின்றுவிடுவார். அங்கே நின்று என்ன செய்வார் என்று யாரும் கேட்டதில்லை. ரிட்டையரான பிறகு ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுவதென்று முடிவானபோது, அவர் மனைவி மயிலம்மாளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் அலைவதைவிட, நாள் பார்க்கத்தான் அதிகம் அலைய வேண்டியிருக்கும்.

அப்படியேதான் ஆயிற்று. சித்திரையில் வாஸ்து நாள் வந்தது, அன்றைக்கு அவருக்குச் சந்திராஷ்டமம். வைகாசிக்குத் தள்ளிப்போட்டார். கான்ட்ராக்டர் பிரவீன்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சார், மேட்டூர் திறந்து முக்கொம்புக்குத் தண்ணி வந்துட்டா இந்தப் பக்கமெல்லாம் குழியில ஊத்து எடுத்துக்கும். உங்க மனைக்குப் பின்னாடி வாய்க்கால் வேற ஓடுது. அப்புறம் தை மாசம்தான் தோண்ட முடியும். அதுக்கு முன்னாடி அஸ்திவாரத்தை முடிச்சாகணும்" என்றான்.

"முடிச்சிடலாம்ப்பா. நல்ல நாள்ல ஆரம்பிச்சா எல்லாம் தானா முடியும்" என்றார் மாத்ருபூதம்.

வைகாசியில் பூமி பூஜை நடந்தது. தோண்ட வந்தவர்கள் ஒடிசாக்காரர்கள். மேஸ்திரி பனமாலி திருச்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. வேலைக்கும் டீக்கடைக்கும் போதுமான தமிழ் இருந்தது அவனிடம். அவன் மனைவி ஊர்மிளா அவனைவிட நன்றாகவே பேசினாள். மனையின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். கொட்டகைக்குள் முதலில் ஏறியது அடுப்போ பாயோ இல்லை. மூலையில் துளை போட்டுக் கயிறு கோர்த்த ஒரு தடித்த புத்தகம். மங்கலான தாள், அட்டையில் வட்டக் கண்களோடு ஜகந்நாதர். அதை ஆணியில் மாட்டிக் கும்பிட்ட பிறகுதான் பனமாலி மண்வெட்டியைத் தொட்டான்.

"அது என்னப்பா?" என்று கேட்டார் மாத்ருபூதம்.

"பாஞ்சி சார். எங்க ஊர் பஞ்சாங்கம்."

மாத்ருபூதத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் அப்படிச் சிரித்ததாக மயிலம்மாளுக்கு நினைவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். காலையில் போனதும், "இன்னிக்கு என்ன சொல்லுது உங்க புஸ்தகம்?" என்று இவர் கேட்பார். எந்தத் திசையில் பயணம் ஆகாது, எந்த நாளில் முடி வெட்டக் கூடாது என்று அவன் எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் சொல்வான். இவர் தன் பஞ்சாங்கத்தைத் திறந்து ஒத்துப்பார்ப்பார். சில இடத்தில் ஒத்துப்போகும், சில இடத்தில் போகாது. போகாத இடத்தில் இருவரும் மரியாதையாகப் பேசாமலிருந்துவிடுவார்கள்.

ஒருநாள் மயிலம்மாள் அத்தனை பேருக்கும் சேர்த்து எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து எடுத்துப்போனாள். பனமாலி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டான். அன்றைக்குத் திரயோதசியாம். திரயோதசியில் கத்தரிக்காய் ஆகாது என்று பாஞ்சியில் போட்டிருக்கிறதாம். அதோடு விட்டதா? மாத்ருபூதமும் தட்டிலிருந்த கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கினார். அதற்குப் பிறகு வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதற்கும் திதி பார்க்க வேண்டியதாயிற்று. இருக்கிற பஞ்சாங்கம் போதாதென்று இப்போது இன்னொன்றா என்று மயிலம்மாளுக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் அவளுக்கு உண்மையான எரிச்சல் வேறொன்றில். அது வீட்டின் பிளானில் இருந்தது.

பின்பக்கம், வாய்க்காலை ஒட்டி, ஒரு சின்ன அறை. பிளானில் அதற்கு 'ஸ்டோர் ரூம்' என்று பெயர். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து அதற்கு வழி கிடையாது. கொல்லைப்பக்கம் தனிக் கதவு, தனிக் குளியலறை. மருமகள் ப்ரீத்தி பேங்கில் வேலை பார்க்கிறவள். கணக்குப் பார்க்கிற கண்ணாலேயே பிளானையும் பார்த்தாள்.

"ஏன் அத்தை, மூட்டை முடிச்சு வைக்கிற ரூமுக்கு எதுக்குத் தனி பாத்ரூம்?" என்று கேட்டாள்.

மயிலம்மாள் பிளானைச் சுருட்டி வைத்தாள். அவளுக்குத் தெரியும். அது ஸ்டோர் ரூம் இல்லை. தூரமானால் போய் உட்கார வேண்டிய அறை. இனி அவளுக்கு அது தேவையில்லை. அந்தக் கட்டமெல்லாம் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த அறை ப்ரீத்திக்கு.

"பெருமாள் ஊர்ல வீடு கட்டுறோம். சுத்தபத்தமா இருக்கணும். எங்கம்மா இருந்திருந்தா முதல்ல அந்த ரூமைத்தான் கேட்டிருப்பா" என்று மாத்ருபூதம் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அதட்டிப் பேசத் தெரியாது. சாந்தமாகச் சொல்வார், சொன்னதை மாற்ற மாட்டார். அதட்டுகிறவனோடாவது சண்டை போடலாம், இவரோடு எப்படிப் போடுவது?

பொன்மலை குவார்ட்டர்ஸில் இதற்கென்று அறை கிடையாது. பின்வாசல் தாழ்வாரத்தில், விறகுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு. மழையானாலும் பனியானாலும் மூன்று நாளும் அங்கேதான். லைனில் எதிர்வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது பந்து அவள் பக்கம் வந்து விழும். எடுக்க வராமல் தள்ளி நின்று பார்ப்பார்கள். சாப்பாட்டுத் தட்டை மாமியார் வாசற்படி வரைக்கும் தள்ளிவிடுவாள். மாமியார் போன பிறகு மாத்ருபூதம் ஹோட்டலில் பார்சல் வாங்கி வந்து படியில் வைத்துவிட்டு, "மயிலு, வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார். ஒருமுறை நல்ல ஜுரம். அன்றைக்கும் படியோடு நின்று, "மாத்திரை வச்சிருக்கேன்" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

வீட்டின் மற்ற பகுதிக்கெல்லாம் குழி தோண்டிக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. அந்தப் பின்னறை மட்டும் பாக்கி. அங்கே ஒரு பழைய தென்னைத்தூர் வேர்விட்டுக் கிடந்ததால் தள்ளிக்கொண்டே போனது. தூரைப் பெயர்த்து, சுண்ணாம்புப் பொடியால் கோடும் போட்டு முடித்தபோது மேட்டூர் திறந்த செய்தி வந்துவிட்டது.

"நாளைக்கு இதுக்குக் குழி எடுத்துடுப்பா. தண்ணி வர்றதுக்குள்ள" என்றார் மாத்ருபூதம்.

பனமாலி நெளிந்தான். "நாளைக்கு முடியாது சார். மூணு நாள் மண் வெட்டக் கூடாது. பாஞ்சியில இருக்கு."

"என்ன இருக்கு?"

"ரொஜோ."

"அப்படின்னா?"

பனமாலி மயிலம்மாளை ஒரு பார்வை பார்த்தான், தரையைப் பார்த்தான், காது மடல் சிவக்க நின்றான். பிறகு, "ஊர்மிளா!" என்று கூப்பிட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நழுவினான்.

ஊர்மிளா மயிலம்மாளைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். ஜகந்நாதர் அட்டைக்குக் கீழே பாயைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, வெட்கமே இல்லாமல் நேராகச் சொன்னாள்.

"பூமி பொம்பளை மா. நம்மளை மாதிரி. வருஷத்துல மூணு நாள் அவளுக்கு வரும்."

"என்ன வரும்?"

ஊர்மிளா சிரித்தாள். மயிலம்மாளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முதலில் வந்தது பரிதாபம். பாவம், பூமிக்குமா?

"அப்போ அவளை எங்க ஒதுக்கி வைப்பீங்க?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரக் கேள்வி என்று உறைத்தது. பூமியை எங்கே கொண்டுபோய் ஒதுக்குவது?

"ஒதுக்கவா? இல்ல மா. அவளுக்கு ரெஸ்ட். ஏர் பூட்ட மாட்டாங்க, மண்ணு வெட்ட மாட்டாங்க. வெறுங்கால் படக் கூடாதுன்னு, செருப்பு இல்லாம அவ மேல மிதிக்க மாட்டாங்க. பொண்ணுங்களுக்கும் ரெஸ்ட். புதுச் சேலை, காலுக்குச் சிவப்பு, வெத்தலை. மரத்துல ஊஞ்சல் கட்டி ஆடுவாங்க. அரைக்கிறது நறுக்குறது எதுவும் கிடையாது. முன்னாடியே மாவு, வெல்லம், தேங்காய் போட்டுப் பிட்டா சுட்டு வச்சிடுவோம்."

"ஊஞ்சலா?"

"ஊஞ்சல்தான் மா."

மயிலம்மாள் கண்ணில் நின்றது விறகுக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கு.

"அப்போ உங்க ஊர்ல பொம்பளைங்களை யாரும் தள்ளி வைக்கிறதில்லையா?"

ஊர்மிளாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வைப்பாங்க மா. எனக்கும் சாமி ரூம் கிடையாது, சமையல் கிடையாது. ஊஞ்சல் பூமிக்குத்தான். வருஷத்துல அந்த மூணு நாள் மட்டும், அவ பேரைச் சொல்லி நாங்களும் ஆடிக்கிறோம்."

பொய் சொல்லாமல் சொன்னாள். அதனாலேயே மயிலம்மாளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வெளியே மாத்ருபூதம் தன் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஆனி பிறக்குது, அவ்வளவுதான். நம்ம பஞ்சாங்கத்துல ஒண்ணும் போடலையே" என்றார். விஷயத்தை மயிலம்மாள் சொன்னதும் முகம் சுளித்தார். "பூமிக்காவது, இதாவது! அசிங்கமா இருக்கு கேட்க."

"ஏங்க, ஆடியில காவேரிக்கு மசக்கைன்னு சித்ரான்னம் கட்டி எடுத்துட்டுப் போறோம். ரங்கநாதரே அம்மா மண்டபத்துக்கு வந்து அவளுக்குச் சீர் கொடுக்கிறார். அது அசிங்கமா இல்லையே? மசக்கை வர்றவளுக்கு அதுக்கு முன்னாடி இது வராதா?"

பதில் இல்லாதபோது மாத்ருபூதம் செய்கிற ஒன்றைத்தான் இப்போதும் செய்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சாந்தமாக, "பிரவீன், நாளைக்கு ஜேசிபி வரச் சொல்லு" என்றார். சித்திரையைச் சந்திராஷ்டமத்துக்காக விட்டுக்கொடுத்தவருக்கு, அடுத்தவன் பஞ்சாங்கத்துக்காக மூன்று நாளை விட மனசில்லை.

மறுநாள் காலை துறையூர்க்கார டிரைவரோடு ஜேசிபி வந்து நின்றது. கொட்டகைக்குப் பக்கத்து வேப்ப மரத்தில் ஊஞ்சல் கட்டியாகிவிட்டது. ஊர்மிளாவும் இன்னும் இரண்டு பெண்களும் காலில் சிவப்புச் சாயத்தோடு நின்று அந்த மஞ்சள் இயந்திரத்தையே பார்த்தார்கள். பனமாலி கொட்டகைக்குள் போய்ப் பாஞ்சியை ஆணியிலிருந்து கழற்றித் துணியில் சுற்றினான். அவர்கள் மூட்டை கட்டப் போகிறார்கள் என்று பிரவீன்ராஜுக்குப் புரிந்தது. அவன் மாத்ருபூதத்தைப் பார்த்தான். அவர் ஜேசிபியைப் பார்த்தார்.

அப்போதுதான் மயிலம்மாள், டீ குடிக்கப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, அந்தச் சின்ன அறை வரவேண்டிய இடத்தின் நட்டநடுவில் போட்டாள். உட்கார்ந்தாள். குடையை விரித்துக்கொண்டாள்.

டிரைவர் இன்ஜினை நிறுத்தினான்.

"மயிலு, எந்திரி" என்றார் மாத்ருபூதம்.

"மாட்டேன்."

"எல்லாரும் பார்க்கிறாங்க."

"பொன்மலையிலயும் எல்லாரும்தான் பார்த்தாங்க."

"மூணு நாளும் இப்படியே உட்காரப் போறியா?"

"மூணு நாள் ஓரமா உட்கார்றது எனக்கென்ன புதுசா? உங்கம்மா நல்லாத்தான் பழக்கி விட்டிருக்காங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சாந்தமாகச் சொன்னாள். அவரிடம் கற்றுக்கொண்டதுதான். மாத்ருபூதம் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். டிரைவர் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினான். பனமாலி பாஞ்சியை மறுபடி ஆணியில் மாட்டினான்.

மூன்று நாளும் மயிலம்மாள் பொழுது விடிந்ததும் வருவாள், விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போவாள். வீட்டில் சமைக்கவில்லை. பூமியே ஓய்வெடுக்கும்போது தனக்கென்ன என்று படுத்துவிட்டாள். மாத்ருபூதம் ஹோட்டல் இட்லியைத் தானே வாங்கித் தின்றார். ஊர்மிளா வாழையிலையில் பிட்டா கொண்டுவந்து கொடுத்தாள். அடியில் கருகி, உள்ளே வெல்ல வாசனையோடு இருந்தது. ஊஞ்சல் வேகமெடுக்கும்போது அந்தப் பெண்கள் ஏதோ பாட்டை ஆளுக்கொரு வரியாக இழுத்தார்கள். "வாங்க மா, ஒரு ஆட்டம்" என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. எழுந்தால் இடம் போய்விடுமோ என்று பயம்.

உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தாள். யாருக்காக இந்த வம்பு? பூமிக்காக என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. நாலு நாள் முன்னால்வரை ரொஜோ என்றால் என்னவென்றே தெரியாது. ப்ரீத்திக்காக என்றால், அந்தப் பெண் அதில் உட்காரவே மாட்டாள். "போங்க மாமா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேங்குக்குப் போய்விடுவாள். அப்படியானால் யாருக்கு? விறகுப் பக்கத்தில் ஜுரத்தோடு படுத்திருந்த ஒருத்திக்கு. அவளுக்காக அன்றைக்கு யாரும் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. இவ்வளவு தாமதமாகவா என்று நினைத்தபோது அழுகை வந்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் கவலையில்லை.

மூன்றாம் நாள் மதியம், முக்கொம்பிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று பிரவீன்ராஜ் போன் செய்தான். வாய்க்கால் மண் ஏற்கெனவே நிறம் மாறிக் கருத்திருந்தது. அப்போது மாத்ருபூதம் வந்தார். கையில் தூக்கும் ஒரு தட்டும். வெயிலில் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

தூக்கைத் திறந்து தட்டில் ரசம் சாதத்தைப் போட்டார். ஹோட்டல் ரசம் இல்லை, அவரே வைத்தது. கறிவேப்பிலையைக் காம்போடு போட்டிருந்ததிலேயே தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்தவர் நின்றார். அங்கிருந்தே இரண்டு கையாலும் நீட்டினார்.

மயிலம்மாள் வாங்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள். செருப்பின் நுனி சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, அதைத் தொடாமல் அப்படியே நின்றிருந்தது.

"ஏன் அங்கேயே நின்னுட்டீங்க?" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. அங்கே சுவர் இல்லை, படி இல்லை, ஒரு பிடி சுண்ணாம்புப் பொடிதான் இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தூரம் நின்றே எத்தனையோ வருஷம் ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாதா? அவர் கால் மட்டும் அதைக் கேள்விப்படவில்லை.

"ஜுரம் வந்தப்பவும் இப்படித்தான் நின்னீங்க" என்றாள் மயிலம்மாள். சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

மாத்ருபூதம் இந்த முறை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தார். கோட்டைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே குந்தினார். தட்டை அவள் மடியில் வைத்தார். பிறகு, எதற்கென்று தெரியாமல், புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப ஜுரம் இல்லைங்க" என்றாள்.

"தெரியும்" என்றார். கையை உடனே எடுக்கவில்லை.

ரசத்தில் உப்பு கூடியிருந்தது. அவள் மீதம் வைக்காமல் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை பூமிக்குக் குளியல். ஊர்மிளா அம்மிக்கல்லைப் பூமியாகப் பாவித்து, மஞ்சள் பூசி, தண்ணீர் ஊற்றி, பூ வைத்தாள். அது முடிந்ததும் ஆட்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. பின்பக்கத்தில் இன்னும் ஊற்று எடுக்கவில்லை. இன்றைக்குள் தோண்டினால் தோண்டிவிடலாம் என்று பிரவீன்ராஜே சொன்னான்.

"இந்த ரூமுக்குக் குழி எடுக்கவா சார்?" என்று பனமாலி கேட்டான்.

மயிலம்மாள் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். மூன்று நாளில் அவள் செய்ய முடிந்ததெல்லாம் செய்தாயிற்று. இன்றைக்கு நாற்காலியைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை.

மாத்ருபூதம் பழக்க தோஷத்தில் கக்கத்திலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். ஆனி, ஆடி, ஆவணி என்று விரல் இறங்கிக்கொண்டே போயிற்று. பங்குனி வரைக்கும் போய், கடைசித் தாளையும் திருப்பிப் பார்த்துவிட்டு மூடினார்.

"அதுக்கு நாளே இல்லப்பா" என்றார். "வருஷம் பூரா பார்த்துட்டேன்."

பிறகு மரத்தடிக்கு வந்து, கட்டி மூன்று நாள் ஆகிவிட்ட ஊஞ்சல் கயிற்றை இழுத்துப் பார்த்தார். முடிச்சு உறுதியாகத்தான் இருந்தது.

"உட்காரு மயிலு" என்றார்.